ஐந்து பவுண்டு குப்பை

நியூயார்க்கில் பொம்மை செய்யும் ஒரு கம்பெனிக்கு அமெரிக்க ராணுவம் ஒரு வேலை கொடுத்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். பால்சா மரக்குச்சிகளில் வெள்ளித்தாளை ஒட்டி, பெட்டிக் காற்றாடி போல ஒன்றைச் செய்து தர வேண்டும். பலூனுக்குக் கீழே அதைக் கட்டிவிட்டால் தரையில் இருக்கும் ரேடாரின் கண்ணில் படும். மேலே காற்று எந்தப் பக்கம், என்ன வேகத்தில் அடிக்கிறது என்று கணக்குப் போடலாம். குச்சியும் தாளும் பிய்ந்து போகாமல் இருக்க ஒரு டேப் தேவைப்பட்டது. பொம்மைக் கம்பெனியில் வேறென்ன டேப் கிடைக்கும்? இளஞ்சிவப்பும் ஊதாவுமாகப் பூப்போட்ட டேப்தான் கையில் இருந்தது. அதையே ஒட்டி அனுப்பிவிட்டார்கள். ராணுவத் தளவாடத்தில் பூப்போட்ட டேப்பா என்று அதைக் கையாண்டவர்களே சிரித்திருக்கிறார்கள்.

முப்பது வருஷம் கழித்து அந்தப் பூக்கள் வேற்றுக்கிரகவாசிகளின் எழுத்தாகிவிட்டன.

அமெரிக்க அரசு விழுந்து நொறுங்கிய விண்கலம் ஒன்றைப் பூட்டி வைத்திருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்துத் தொழில்நுட்பம் கற்றுக்கொண்டிருக்கிறது. கேட்டால் இல்லவே இல்லை என்று சாதிக்கிறது. இந்தக் கதையை நம் வீட்டுப் பிள்ளைகள்கூட யூடியூபில் கேட்டிருப்பார்கள். நாலைந்து இடங்களில், வேறு வேறு வருஷங்களில் பிறந்த துண்டுகளைச் சேர்த்துத் தைத்த கதை இது. துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் சிரிப்பு வரும், சில இடங்களில் கோபமும் வரும். ஆனால் தைத்த நூல் இருக்கிறதே, அது அசல் நூல். அரசு நிஜமாகவே ஒன்றை மறைத்தது.

முதலில் பெயர் பிறந்த கதை. 1947 ஜூன் 24. ஐடஹோ மாநிலத்தின் போய்சி ஊரைச் சேர்ந்த கென்னத் ஆர்னால்ட், தீயணைப்புச் சாமான்கள் விற்பவர், தன் சின்ன விமானத்தில் வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அங்கே ஒரு ராணுவச் சரக்கு விமானம் விழுந்து காணாமல் போயிருந்தது. கண்டுபிடிப்பவருக்கு 5,000 டாலர் பரிசு. போகிற வழிதானே என்று ஒரு சுற்றுச் சுற்றினார். விமானம் தென்படவில்லை. பளிச் பளிச்சென்று மின்னியபடி ஒன்பது பொருள்கள் வரிசையாகப் போவது தெரிந்தது. ரெய்னியர் மலையிலிருந்து ஆடம்ஸ் மலை வரை அவை கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தார்: 1 நிமிடம் 42 விநாடி. கணக்குப் போட்டால் மணிக்கு 1,700 மைல் வந்தது. ஒலியின் வேகத்தையே எந்த விமானமும் தாண்டியிராத காலம் அது. அவருக்கே துணிச்சல் வரவில்லை. 1,200 என்று குறைத்துச் சொன்னார்.

மறுநாள் ஓரிகன் மாநிலத்தின் பென்டில்டன் ஊரில் பத்திரிகைக்காரர்களிடம் இதை விவரித்தார். குளத்தங்கரையில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து விட்டெறிந்தால் தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் போயின என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ஓட்டாஞ்சில்லுக்குப் பதிலாக அவர் வாயில் வந்தது சாஸர். நகர்ந்த விதத்துக்குச் சொன்ன உவமையைப் பத்திரிகைகள் உருவத்துக்கு மாட்டிவிட்டன என்று 1950-ல் வானொலிச் செய்தியாளர் எட்வர்ட் மர்ரோவிடம் அவர் குறைபட்டுக்கொண்டார். அவர் வரைந்து கொடுத்த படம் முன்பக்கம் வளைந்து பின்பக்கம் குறுகிய, செருப்புக் குதிகால் மாதிரியான ஒன்று. யாருக்கு அது வேண்டும்? ‘பறக்கும் சாஸர்’ என்ற இரண்டு சொல் சில நாள்களில் நாடு முழுக்கப் பரவியது, பின்னால் தமிழுக்கும் வந்து ‘பறக்கும் தட்டு’ ஆனது. அந்தக் கோடையில் அமெரிக்கர்கள் நூற்றுக்கணக்கில் தட்டுகளைப் பார்த்தார்கள். ஆர்னால்ட் தவளையை உவமை சொல்லியிருந்தால் தவளைகளைப் பார்த்திருப்பார்களோ என்னவோ.

இனி நியூ மெக்சிகோ. ரோஸ்வெல் ஊருக்கு வடமேற்கே 75 மைலுக்கு அப்பால் ஓர் ஆட்டுப் பண்ணை. அதை மேற்பார்த்து வந்தவர் மாக் பிரேசல். அதே 1947 ஜூன் 14 அன்று மேய்ச்சல் நிலத்தில் ரப்பர்த் துண்டுகள், வெள்ளித்தாள், கெட்டியான காகிதம், குச்சிகள் எல்லாம் சிதறிக் கிடப்பதைப் பார்த்தார். வேலை தலைக்குமேல் இருந்ததால் அதைச் சட்டை செய்யவில்லை. அவர் வீட்டில் வானொலியும் இல்லை. ஜூலை 5 அன்று கொரோனா என்ற பக்கத்து ஊருக்குப் போனபோதுதான் தட்டுகளைப் பற்றி ஊரே பேசுவது காதில் விழுந்தது. கம்பளி விற்க ரோஸ்வெல் போனவர், ஷெரீஃப் ஜார்ஜ் வில்காக்ஸிடம் காதோடு காதாகச் சொன்னார். ஷெரீஃப் விமானத் தளத்துக்குச் சொன்னார். தளத்தின் உளவுப் பிரிவு அதிகாரி மேஜர் ஜெஸ்ஸி மார்செல் வந்து அள்ளிக்கொண்டு போனார்.

அந்தத் தளம் சாதாரணத் தளமில்லை. 509-ஆம் குண்டுவீச்சுப் பிரிவு அங்கே இருந்தது. அணுகுண்டு போடக்கூடிய பிரிவாக அன்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். அப்படிப்பட்ட தளத்திலிருந்து ஜூலை 8 அன்று, கர்னல் வில்லியம் பிளான்சர்டின் உத்தரவுப்படி, மக்கள் தொடர்பு அதிகாரி வால்டர் ஹாட் ஒரு பத்திரிகைச் செய்தி கொடுத்தார்: பறக்கும் தட்டு எங்கள் கைக்கு வந்துவிட்டது. ‘ரோஸ்வெல் டெய்லி ரெக்கார்ட்’ மாலையில் முதல் பக்கத்தில் அதைக் கொட்டை எழுத்தில் போட்டது. ஏன் அப்படி ஒரு செய்தி கொடுத்தார்கள்? அந்த வாரம் ‘தட்டு’ என்றால் வேற்றுக்கிரகம் என்று பெரும்பாலோர் நினைக்கவில்லை. ரஷ்யக்காரனின் புது விமானமாக இருக்கலாம், நம் ராணுவத்தின் ரகசியமாக இருக்கலாம், யாரோ செய்யும் குறும்பாக இருக்கலாம் என்றுதான் பேச்சு. வானத்தில் இனம் தெரியாத எதற்கும் அந்த வாரத்துப் பெயர் அது. இன்று அந்தத் தலைப்பைப் படிக்கிறவர் எழுபது வருஷச் சினிமாவையும் சேர்த்துப் படிக்கிறார்.

சில மணி நேரம்தான். பொருள்களை மார்செல் விமானத்தில் டெக்ஸாஸின் ஃபோர்ட் வொர்த் நகருக்குக் கொண்டு போனார். அங்கே ஜெனரல் ரோஜர் ராமே அறையில் தரைமேல் பரப்பிப் பார்த்தார்கள். வானிலை அதிகாரி ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டதும், இது பலூன், இது ரேடாருக்கான தகடு என்று சொல்லிவிட்டார். கிழிந்த வெள்ளித்தாளைக் கையில் பிடித்தபடி மார்செல் குந்தியிருக்கும் புகைப்படம் அன்று எடுத்ததுதான். அவர் முகத்தில் இருப்பது சங்கடமா சிரிப்பா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மறுநாள் ரோஸ்வெல் பத்திரிகை, ஜெனரல் ராமே சாஸரைக் காலி செய்துவிட்டார் என்று தலைப்புப் போட்டுக் கிண்டலடித்தது.

அதே இதழில் பிரேசலின் பேட்டியும் இருக்கிறது. கிடைத்ததெல்லாம் சேர்த்து ஐந்து பவுண்டு இருக்கும் என்கிறார், அதாவது இரண்டேகால் கிலோ. எஞ்சின் என்று எதுவும் இல்லை. டேப் நிறைய இருந்தது, சிலதில் பூப் போட்டிருந்தது. இதற்குமுன் இரண்டு தடவை வானிலை பலூன் தன் நிலத்தில் விழுந்து பார்த்திருக்கிறேன், இது அது மாதிரி இல்லை என்றும் சொல்கிறார். இனிமேல் வெடிகுண்டே கிடந்தாலொழிய நான் வாயைத் திறக்கப் போவதில்லை என்கிற மாதிரி பேட்டியை முடிக்கிறார். பாவம், ஊரார் கேலி தாங்கவில்லை.

இத்துடன் விஷயம் அடங்கிவிட்டது. முப்பது வருஷத்துக்கு ரோஸ்வெல் என்ற பெயரைத் தட்டு ஆர்வலர்கள்கூட அதிகம் உச்சரிக்கவில்லை.

பிரேசல் சொன்னது சரிதான். அது வழக்கமான வானிலை பலூன் இல்லை. அங்கிருந்து தெற்கே அலமோகோர்டோ விமானத் தளத்தில் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்காரர்கள் சிலர் முகாம் போட்டிருந்தார்கள். அவர்கள் செய்துகொண்டிருந்த வேலைக்கு ‘மோகல் திட்டம்’ என்று பெயர். அன்று அமெரிக்காவிடம் மட்டும்தான் அணுகுண்டு இருந்தது. ரஷ்யா எப்போது வெடிக்கும் என்பதே வாஷிங்டனின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. ரஷ்யாவுக்குள் போய்ப் பார்க்க வழியில்லை. மாரிஸ் யூவிங் என்ற புவி இயற்பியலாளர் ஒரு யோசனை சொன்னார். கடலுக்கடியில் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் ஒலியின் வேகம் மிகக் குறைவாக இருக்கும். அந்த அடுக்குக்குள் புகுந்த சத்தம் மேலேயும் கீழேயும் சிதறாமல் ஆயிரக்கணக்கான மைல் ஓடும். வானத்திலும் உயரே அப்படி ஓர் அடுக்கு இருக்க வேண்டும். அங்கே ஒரு மைக்கைத் தொங்கவிட்டால், உலகத்தின் அந்தக் கோடியில் அணுகுண்டு வெடித்தாலும் இங்கே கேட்கும்.

சொல்வது சுலபம். மைக் அந்த உயரத்திலேயே மணிக்கணக்கில் நிற்க வேண்டும். ரப்பர் பலூனோ மேலே போகப் போக உப்பி, கடைசியில் வெடித்துவிடும் ஜாதி. ஆகவே இருபதுக்கு மேற்பட்ட பலூன்களை ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டினார்கள். சில வெடித்தாலும் மற்றவை தாங்கும். நடுவே மணல் பைகள், நீர்மூழ்கிக் கப்பலின் சத்தம் கேட்கக் கடற்படை வைத்திருந்த மைக், ரேடாரில் தெரிவதற்காக அந்தப் பொம்மைக் கம்பெனிக் காற்றாடிகள். மொத்தம் 600 அடிக்கு மேல் நீளம். அப்படி ஒன்று அறுந்து விழுந்தால் ரப்பரும் வெள்ளித்தாளும் குச்சியும் ஒரு காட்டையே நிறைக்கும்.

இதில் ரகசியம் எங்கே இருந்தது என்று பாருங்கள். பலூன் ரகசியம் இல்லை, வெள்ளித்தாள் ரகசியம் இல்லை, கடையில் வாங்கிய சரக்கு. எதற்காக விட்டார்கள் என்பது மட்டும் அதிரகசியம். பலூன் விட்ட பொறியாளர் சார்லஸ் மூர் உட்பட அங்கே உழைத்த பலருக்கே திட்டத்தின் பெயர் தெரியாது. 1992-ல் ஓர் ஆய்வாளர் எழுதிக் கேட்டபோதுதான் ‘மோகல்’ என்ற சொல்லையே மூர் முதன்முதலாகக் கேள்விப்பட்டார். பலூன் விட்டவருக்கே தெரியாத பெயர், நூறு மைலுக்கு அப்பால் ரோஸ்வெல் தளத்து மேஜருக்கு எப்படித் தெரியும்? ஃபோர்ட் வொர்த்தில் ‘வானிலை பலூன்’ என்று சொன்னவர்கள் பொய் சொல்வதாக நினைத்துச் சொன்னார்களா என்பதே சந்தேகம்தான். ஆனால் அலமோகோர்டோக்காரர்கள் உஷாராக இருந்தார்கள். அதே வாரம் உள்ளூர்ப் பத்திரிகையை அழைத்து, நாங்கள் விடுவது இந்தச் சாதாரண பலூன்களைத்தான் என்று விட்டுக் காட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இல்லை இது. பூசணிக்காயை எல்லோர் கண்முன்னாலும் வைத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் மறைக்கிற வேலை.

விழுந்தது ஜூன் 4 அன்று விடப்பட்ட நான்காவது பலூன் வரிசை என்பது மூரின் முடிவு. பண்ணைக்கு இருபது மைல் சுமாரில் அராபெலா என்ற இடம் வரை அதன் போக்கைப் பின்தொடர்ந்ததாக அவருக்கு நினைவு. முறையான பறப்புப் பதிவு இந்த ஒன்றுக்கு இல்லை. குழுவின் களப் பொறுப்பாளர் ஆல்பர்ட் கிரேரியின் நாட்குறிப்பு, அன்று மேகத்தால் பறப்பு இல்லை என்று ஆரம்பித்து, பலூன் கொத்தில் மைக் கட்டி விட்டதாக அடுத்த வரியில் சொல்கிறது. இந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு இரு தரப்பும் இன்னும் மல்லுக்கட்டுகின்றன. பூப்போட்ட டேப்பும், குச்சியும், ரப்பரும், விழுந்த இடமும் ஒன்றோடொன்று பொருந்துவதைப் பார்த்தால் மூர் பக்கம் சாயத்தான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு வேடிக்கை. 1949 ஆகஸ்ட் 29 அன்று ரஷ்யா முதல் அணுகுண்டை வெடித்தது. அமெரிக்காவுக்கு அதைக் காட்டிக்கொடுத்தது மோகல் திட்டத்தின் மைக் இல்லை. பசிபிக் மேலே பறந்த விமானத்தின் வடிதாளில் படிந்த கதிரியக்கத் தூசி. இத்தனை ரகசியமும் யாருக்கும் பெரிதாகப் பயன்படவில்லை.

கதைக்கு உடம்பு வேண்டுமே, குட்டை உடம்புகள், பெரிய தலை! அவை ரோஸ்வெல்லில் கிடைத்தவையல்ல. அதே மாநிலத்தின் வடமேற்கு மூலையில் ஆஸ்டெக் என்ற ஊர். அங்கே 1948-ல் 99.99 அடி விட்டமுள்ள தட்டு இறங்கியது, உள்ளே பதினாறு குள்ள உடல்கள் இருந்தன, ராணுவம் எடுத்துப் போய்விட்டது என்று சினிமாப் பத்திரிகை ‘வெரைட்டி’யில் பத்தி எழுதிய ஃபிராங்க் ஸ்கல்லி 1950-ல் ஒரு புத்தகமே போட்டார். நன்றாக விற்றது. ஸ்கல்லிக்கு இதைச் சொன்னவர்கள் இருவர்: சைலஸ் நியூட்டன், லியோ கெபவர். இவர்களுடைய பிழைப்பு, பூமிக்கடியில் எண்ணெய் இருப்பதைக் காட்டும் பெட்டி என்று சொல்லி, ராணுவக் கழிவுக் கடையில் சில டாலருக்குக் கிடைக்கும் ரேடியோ சாமானைப் பணக்காரர்களிடம் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்பது. வேற்றுக்கிரகத் தொழில்நுட்பம் என்பது சரக்குக்குப் பூசிய பாலிஷ். ஜே. பி. கான் என்ற நிருபர் நியூட்டனிடமிருந்து அந்த ‘அபூர்வ உலோக’த்தைக் கைமாற்றி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அலுமினியம். 1953-ல் இருவரும் மோசடிக் குற்றவாளிகள் என்று டென்வர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மோசடி செத்தாலும் அதன் எதிரொலி அரசுக் கோப்பில் ஏறியிருந்தது. 1950 மார்ச் 22 அன்று எஃப்.பி.ஐ. அதிகாரி கய் ஹாட்டல் தன் தலைவருக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினார். நியூ மெக்சிகோவில் 50 அடி அகலத் தட்டுகள் மூன்று கிடைத்தன, ஒவ்வொன்றிலும் மூன்றடி உயரத்தில் மூன்று உடல்கள் என்று யாரோ யாரிடமோ சொன்னதாக ஒருவர் சொன்னார் என்பது அதன் சாரம். மேற்கொண்டு விசாரிக்கவில்லை என்று கடைசி வரியிலேயே இருக்கிறது. அந்த நிறுவனம் தன் பழைய கோப்புகளை இணையத்தில் போட்டபின் மக்கள் அதிகமாகத் திறந்து பார்த்த காகிதம் இதுதான். வதந்திக்கு அரசு முத்திரை விழுந்தால் அது ஆவணம்.

நடுவில் இருபது வருஷத்தை வேகமாகத் தாண்டலாம். விமானப்படை ‘புளூ புக்’ என்ற பெயரில் 1969 வரை பதிவேடு வைத்து 12,618 சம்பவங்களை எழுதி, 701-க்கு விளக்கம் இல்லை என்று சொல்லிக் கடையைச் சாத்தியது. இந்தக் காலத்தில்தான் நெவாடா பாலைவனத்தில் குரூம் ஏரிப் பக்கம் யு-2 உளவு விமானம் 60,000 அடிக்கு மேலே பறந்து பழகியது. பயணிகள் விமானம் அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் போகிற காலம். சாயங்கால வெயிலில் உச்சத்தில் ஏதோ மின்னுகிறது என்று விமானிகள் எழுதி அனுப்பினால், அது என்னவென்று தெரிந்த அதிகாரிகள், இயற்கை நிகழ்வு, பனிப்படிகம் என்று பதில் எழுதினார்கள். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் வந்த புகார்களில் பாதிக்குமேல் இந்த உளவு விமானங்களே என்று 1997-ல் சி.ஐ.ஏ.வின் இதழில் வரலாற்றாசிரியர் ஜெரால்ட் ஹெய்ன்ஸ் எழுதினார். பாதி என்பது கூடுதல் என்று மறுப்பவர்கள் உண்டு. பொய்ப் பதில் எழுதியதை யாரும் மறுக்கவில்லை. யு-2 பறந்து பழகிய அந்த ‘ஏரியா 51’ என்ற இடம் இருப்பதைக் காகிதத்தில் ஒப்புக்கொள்ளவே 2013 ஆகிவிட்டது.

1978. லூசியானாவில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் பேட்டிக்காகக் காத்திருந்தார் ஸ்டான்டன் ஃபிரீட்மன். அணு இயற்பியல் படித்தவர், தட்டுகளைப் பற்றி ஊர் ஊராகப் பேசிப் பிழைத்தவர். ஹூமா ஊரில் ஒருவர் இருக்கிறார், அந்தக் காலத்தில் தட்டின் துண்டைக் கையில் தொட்டவராம், பேசிப் பாருங்களேன் என்று நிலையத்து ஆள் சொன்னார். அந்த ஒருவர், ஓய்வுபெற்று டி.வி. பழுது பார்த்துக்கொண்டிருந்த ஜெஸ்ஸி மார்செல்.

மார்செல் பேசினார். சிகரெட் பெட்டி வெள்ளித்தாள் அளவு மெல்லிசு, சம்மட்டியால் அடித்தாலும் நெளியாத உலோகம். இந்த உலகத்துப் பொருளே இல்லை. அன்றிரவு வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சமையலறைத் தரையில் பரப்பி மனைவிக்கும் பத்து வயது மகனுக்கும் காட்டியதாகச் சொன்னார். மகனும் பின்னாளில் சாட்சி சொன்னார்: சின்னச் சட்டத்தின்மேல் ஊதா நிறத்தில் எகிப்திய எழுத்து மாதிரி ஏதோ இருந்தது. ஊதா நிறம். பொய் சொல்கிறவர் அந்த நிறத்தைச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. அப்பாவும் மகனும் எதையோ நிஜமாகப் பார்த்திருக்கிறார்கள், முப்பது வருஷம் அதன்மேல் வேலை செய்திருக்கிறது. உலகத்துக்கு முன்னால் கிழிந்த பலூனைக் கையில் கொடுத்துப் படம் பிடிக்கப்பட்ட ஒரு மனிதர், தன்னிடமிருந்தது அதைவிடப் பெரியது என்று கடைசிக் காலத்தில் நினைக்க விரும்பியிருந்தால் எனக்கு அதில் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உடல்களைப் பார்த்ததாக மார்செல் ஒருபோதும் சொல்லவில்லை.

காலமும் கைகொடுத்தது. வியட்நாமைப் பற்றி அரசு சொன்ன பொய்கள் அம்பலமாகி, வாட்டர்கேட்டில் ஓர் அதிபர் பதவி விலகி, தகவல் பெறும் சட்டம் 1974-ல் பல் முளைத்து, சி.ஐ.ஏ. தன் உள்நாட்டு வேலைகளுக்காக நாடாளுமன்றத்தில் நின்ற தசாப்தம் அது. ‘அரசு மறைக்கிறது’ என்று 1947-ல் சொன்னால் பைத்தியம் என்பார்கள். 1978-ல் சொன்னால் ‘அப்புறம்?’ என்று கேட்டார்கள். தட்டு ஆர்வலர்கள் வழக்குப் போட்டு சி.ஐ.ஏ.விடமிருந்து ஏறத்தாழ 900 பக்கங்களைப் பெற்றார்கள். தேசியப் பாதுகாப்பு முகமை மட்டும் கொடுக்க மறுத்தது. ஏன் மறுக்கிறோம் என்று நீதிபதியிடம் அது ரகசியமாகக் கொடுத்த பிரமாணப் பத்திரம் பின்னால் வெளிவந்தபோது பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசியிருந்தது. மற்ற நாடுகளின் ரேடியோப் பேச்சை எப்படி ஒட்டுக்கேட்கிறார்கள் என்பது வெளியே தெரிந்துவிடும் என்பதே காரணம். ஆனால் கறுப்பு மைக்குக் கீழே என்ன வேண்டுமானாலும் இருக்கலாமே.

1980-ல் ‘தி ரோஸ்வெல் இன்சிடென்ட்’ புத்தகம் வந்தது. எழுதியவர்கள் சார்லஸ் பெர்லிட்ஸ், வில்லியம் மூர் (பலூன் விட்ட மூர் வேறு, இவர் வேறு). பெர்லிட்ஸ் ஏற்கெனவே பெர்முடா முக்கோணத்தை எழுதி உலகத்தையே பயமுறுத்தியவர். அதற்குப்பின் கதைக்குக் கண் காது மூக்கெல்லாம் முளைத்தது. இரண்டாவதாக ஒரு விழுந்த இடம் வந்தது, மூன்றாவதும் வந்தது. ஆஸ்டெக்கில் அனாதையாகக் கிடந்த குள்ள உடல்கள் ரோஸ்வெல்லுக்குக் குடி பெயர்ந்தன. சவ அடக்கக் கடையில் வேலை பார்த்த ஒருவர், குழந்தை அளவில் சவப்பெட்டி கேட்டுத் தளத்திலிருந்து போன் வந்ததென்றார். உடல்களைப் பார்த்ததாக அவர் சொன்ன செவிலியின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த, அதே சமயம் மனசைச் சங்கடப்படுத்துகிற பகுதி. 1984 டிசம்பரில் வில்லியம் மூரின் நண்பரான தயாரிப்பாளர் ஜெய்மி ஷாண்டேராவின் வீட்டுக்குத் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே கழுவாத ஒரு ஃபிலிம் சுருள். கழுவிப் பார்த்தால், அதிபராகத் தேர்வாகியிருந்த ஐசன்ஹோவருக்காக 1952-ல் எழுதியதாகச் சொல்லும் அதிரகசியக் காகிதங்கள்: ரோஸ்வெல்லில் கிடைத்த கலத்தையும் உடல்களையும் பார்த்துக்கொள்ள அதிபர் ட்ரூமன் 1947-ல் பன்னிரண்டு பேர் குழுவை அமைத்தார், பெயர் ‘மெஜஸ்டிக்-12’. பன்னிரண்டு பேரும் நிஜ மனிதர்கள், பெரிய மனிதர்கள். கடைசியாக உயிரோடிருந்தவர் 1984 செப்டம்பரில் இறந்தார். மூன்று மாதத்தில் தபால் வந்துவிட்டது.

கையெழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். காகிதத்தில் இருந்த ட்ரூமனின் கையெழுத்து, விஞ்ஞானி வானவர் புஷ்ஷுக்கு 1947 அக்டோபர் 1 அன்று அவர் எழுதிய உண்மையான கடிதத்துக் கையெழுத்தோடு கோட்டுக்குக் கோடு ஒன்றாக இருப்பதை ஃபிலிப் கிளாஸ் என்ற பத்திரிகையாளர் எடுத்துக் காட்டினார். ஒரு மனிதன் இரண்டு தடவை ஒரே மாதிரி கையெழுத்துப் போடுவதில்லை. நம் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தரைக் கேட்டாலே சொல்லுவார். ‘போலி’ என்று கொட்டை எழுத்தில் எழுதி எஃப்.பி.ஐ. கோப்பை மூடியது.

செய்தது யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆனால் 1989-ல் லாஸ் வேகஸில் தட்டு ஆர்வலர்கள் மாநாட்டு மேடையில் வில்லியம் மூர் எழுந்து ஒன்றை ஒப்புக்கொண்டார். விமானப்படையின் உளவுப் பிரிவோடு சேர்ந்து வேலை பார்த்திருக்கிறார். அல்புகர்க்கி நகரில் பால் பென்னவிட்ஸ் என்ற தொழிலதிபர், கர்ட்லண்ட் தளத்துக்கு மேலே விளக்குகளைப் பார்த்து, ரேடியோ அலைகளைப் பதிவு செய்து, வேற்றுக்கிரகத்தாரின் சமிக்ஞை என்று தளத்துக்கே போய்ச் சொன்னார். அவர் பதிவு செய்தது தளத்தின் சொந்த ரகசிய வேலை. ஐயா, தயவுசெய்து பதிவு செய்யாதீர்கள் என்று சொல்வதற்குப் பதிலாக, ஆமாம், வேற்றுக்கிரகத்தார்தான் என்று போலிக் காகிதங்களை ஊட்டினார்கள். ரிச்சர்ட் டோட்டி என்ற உளவு அதிகாரி அதில் முக்கிய ஆள். ஊட்டிய பொய் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொன்னவர் மூர். பென்னவிட்ஸ் கடைசியில் மனம் சிதைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மேடையில் மூர் பேசி முடிப்பதற்குள் அரங்கம் கொதித்துவிட்டது. பூமிக்கடியில் வேற்றுக்கிரகத் தளம், அரசோடு ஒப்பந்தம் என்று இன்று உலவும் கதைகளில் ஒரு பகுதி இந்த ஒரு மனிதரைக் குழப்பத் தயாரித்த காகிதங்களிலிருந்து வந்தது.

1993-ல் நியூ மெக்சிகோ நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டீவன் ஷிஃப் கணக்குத் தணிக்கை அலுவலகத்தைத் தேடச் சொன்னார். விமானப்படை முந்திக்கொண்டு 1994-ல் மோகல் விஷயத்தை வெளியே சொன்னது, நாற்பத்தேழு வருஷம் தாமதமாக. தணிக்கை அறிக்கை 1995-ல் வந்தது: ரோஸ்வெல் தளத்திலிருந்து அந்தக் காலத்தில் போன செய்திகளின் பதிவுகள் அழிக்கப்பட்டிருக்கின்றன, யார் எந்த அதிகாரத்தில் அழித்தார்கள் என்பதற்குக் குறிப்பு இல்லை. அரசு அலுவலகத்தில் பழைய கட்டு காணாமல் போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியமில்லை. நம்பத் தயாராக இருந்தவர்களுக்கு இதைவிட ஆதாரம் தேவையில்லை. விமானப்படை சும்மா இருந்திருக்கலாம். 1997 ஜூன் 24, ஆர்னால்ட் பார்த்து சரியாக ஐம்பது வருஷம் முடிந்த நாளில், ‘வழக்கு முடிந்தது’ என்று இன்னொரு அறிக்கை விட்டது. மக்கள் பார்த்த உடல்கள் பாராசூட் சோதனைக்காக உயரத்திலிருந்து போட்ட பொம்மை மனிதர்களாம். அந்தப் பொம்மைகளைப் போட்டதோ 1953-க்குப் பிறகு. 1947-ல் எப்படிப் பார்த்தார்கள் என்று நிருபர்கள் கேட்க, நினைவுகள் கலந்துவிட்டன என்று பதில் வந்தது. அது உண்மையாகவே இருக்கலாம்; கேட்பவர்கள் சிரித்தார்கள்.

2023 ஜூலை 26 அன்று முன்னாள் விமானப்படை உளவு அதிகாரி டேவிட் கிரஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியம் செய்து, விழுந்த கலங்களை மீட்டுப் பிரித்துப் பார்க்கும் திட்டம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது, மனிதரல்லாத உயிர்ப்பொருளும் கிடைத்திருக்கிறது என்றார். தன் கண்ணால் பார்த்ததாக அவர் சொல்லவில்லை, பார்த்தவர்கள் சொன்னதாகச் சொன்னார். 2024 மார்ச்சில் பென்டகனின் விசாரணை அலுவலகம் ஆதாரம் எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. ஒரு சிறு வட்டத்து ஆள்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்ட கதை என்றது. அவர்கள் பார்த்ததாகச் சொன்ன ரகசியத் திட்டங்களில் சில இருப்பது உண்மைதான், வேற்றுக்கிரகத்தோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை என்றது.

அந்த அறிக்கையில் சேர்க்காமல் விட்ட ஒன்றை 2025 ஜூனில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ வெளியிட்டது. எண்பதுகளில் விமானப்படைக் கர்னல் ஒருவர் ஏரியா 51 பக்கத்திலிருந்த ஒரு மதுக்கடைக்குப் போய், பறக்கும் தட்டின் போலிப் புகைப்படங்களைக் கடைக்காரரிடம் கொடுத்தார். கடைக்காரர் சுவரில் மாட்டினார், ஊர் பேசியது, ரேடாரில் படாத புது விமானத்தின் ரகசியம் பத்திரமாக இருந்தது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சில ரகசியப் பிரிவுகளில் புதிதாகப் பொறுப்பேற்கும் அதிகாரிகளிடம் தட்டு போன்ற ஒன்றின் படத்தைக் காட்டி, இது பிடிபட்ட வேற்றுக்கிரகக் கலம், இதைப் பிரித்துப் பார்ப்பதுதான் உங்கள் வேலை, வெளியே மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கும் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. நம் கல்லூரி விடுதிகளில் முதல் வருஷப் பையன்களைச் சீனியர்கள் பயமுறுத்துவார்களே, அந்த ரகம். பல பத்தாண்டுகள் நடந்து, 2023-ல் மேலிடத்து உத்தரவால் நின்றது. அப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள் என்கிறது அந்தச் செய்தி. அவர்களில் பலர் அந்த ரகசியத்தைக் காத்திருக்கிறார்கள். அது விளையாட்டு என்று கடைசிவரை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.